ஐந்தாவது விளக்கு

எரியக்கூடாத விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கடுகளவு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கையில் துடைக்கும் துணியோடு அப்படியே நின்றுவிட்டார், ஏனென்றால் அந்த விளக்கு எதற்கு எரியும் என்பது அவருக்குத் தெரியும்.

எண்பதுகளில், தடித்த கம்பிகளில் தாழ்ந்த ஸ்வரம் எழுப்பும் பேஸ் கிட்டார் வாசிப்பவனை மேடையில் மாட்டைக் கட்டுவதுபோல ஒரு ஒயரால் கட்டி வைத்திருந்தார்கள். பிறகு ஒயரில்லாத கருவி வந்தது. வாசிப்பவன் இடுப்பில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அது அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் ரிசீவர். ரிசீவரின் முகத்தில் ஐந்து பச்சை விளக்குகள். ஆள் தூரத்தில் இருந்தால் ஒன்று, கிட்டே வர வர மற்றவையும் எரியும். கல்லூரி நாட்களில் இதற்காக அவர் ஏங்காத ஏக்கம் இல்லை. இப்போது ஐம்பத்தெட்டு வயதில், ஓய்வுபெற்ற ஒரு சவுண்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது ரிசீவர் மட்டும் கிடைத்தது. இடுப்புப் பெட்டி இல்லை. "அது இல்லாம இது வெறும் டப்பாங்க, அழகுக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லித்தான் அவரும் கொடுத்தார்.

அழகுக்கு வைப்பதில் கண்ணாடிக்கடைக்காரர் மன்னன். பிளக்கையும் செருகித்தான் வைத்திருந்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தக் கட்டிய அறை அது. கார் வெளியே வெயிலில் காய்ந்தது. சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்க ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி, அதன்மேல் பஞ்சு மெத்தை அடித்திருந்தார். உள்ளே அவருடைய எண்பதுகள் மொத்தமும் இருந்தன: கறுப்பு பேஸ் கிட்டார், ஓசையை மாற்றக் காலால் மிதிக்கும் எஃபெக்ட் டப்பாக்கள், பிரிட்ஜ் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அந்தப் பெட்டியை இறக்க நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் இன்னமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். சூடான தூசியின் வாசனையும் பழைய ரெக்சினின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால் போதும், நண்பர்கள் 'தடிக்கம்பி' என்று கூப்பிட்ட அந்தப் பையனாக அவர் மாறிவிடுவார்.

இத்தனை சத்தத்தையும் தாங்கிக்கொள்ள யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு மனைவி. அவளுக்குக் காது மிகவும் மந்தம். காதுக்கருவி இருந்தால் எல்லாம் கேட்கும். கழற்றினால் இடி விழுந்தாலும் தெரியாது. பேக்கரியில் மாவு பிசையும் வேலை, விடியுமுன் போக வேண்டும் என்பதால் பொழுது சாயும்போதே மேல்மாடியில் திரையை இழுத்துவிட்டுக் கருவியைக் கழற்றிவைத்துப் படுத்துவிடுவாள். ஆனால் பேஸ் மட்டும் அவளை விடாது. சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக, உள்ளங்கை வழியாக அது அவளுக்குள் போகும். சில மாலைகளில் அவள் கிட்டாரின் மரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உலகத்தில் அவள் கருவியில்லாமல் கேட்ட ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

சரி, விளக்கு. ஏதாவது டாக்சி ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தார். சும்மா இருக்க மாட்டாமல் ரிசீவரை ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தார்.

முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஒரு துணி உரசியது. பிறகு தடித்த கம்பியின்மேல் ஒரு நகம் மெல்ல இழுபட்டது. அந்த ஓசையை அவர் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வார். வாசிக்கப் போகிறவன் கையைக் கம்பிமேல் வைக்கும் ஓசை.

பிறகு அது வாசித்தது. அவசரமில்லாத, தாழ்ந்த, உருண்டையான ஸ்வரங்கள். அப்படிப்பட்ட சத்தத்தை அவர் நாற்பது வருடமாகக் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எவனோ ஒருவன் இதே ஊரில், இதே பழங்காலப் பைத்தியத்தோடு, இதே மாதிரி கருவியை வைத்துக்கொண்டு வாசிக்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பேஸ் வாசிப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. ஒரு தாளம் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது. அவர் தன் கிட்டாரை எடுத்து அதே பெட்டியில் செருகி, அந்த ஸ்வரங்களுக்குப் பதில் வாசித்தார்.

அந்தப் பக்கம் சட்டென்று நின்றது.

நின்றதோடு சரி. இரைச்சல் மட்டும் ஓடியது. யாரோ தலையைத் திருப்பி, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பதுபோல ஒரு மௌனம். பிறகு இரண்டாவது விளக்கு எரிந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்த மனைவி, கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "நேத்து என்ன அவ்ளோ நல்லா வாசிச்சீங்க? மெதுவா, இழுத்து இழுத்து. நல்லா தூங்கிட்டேன். கடைசியில வந்து நீங்களே கெடுத்துட்டீங்க."

அவர் கடையிலிருந்து சவுண்டுக்காரருக்குப் போன் செய்தார்.

"அந்த இடுப்புப் பெட்டி எங்க போச்சுங்க?"

"நெட்டையன் கட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றார் சவுண்டுக்காரர். "எங்க குழுவுல பேஸ் வாசிச்சவன். ஒயர் இல்லாத கருவி வந்த புதுசு. திறந்தவெளிக் கச்சேரி. வாசிச்சுக்கிட்டே மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள்ள நடந்தான். ஜனங்க கை தட்டினாங்க. அப்படியே கேட்டைத் தாண்டிப் போயிட்டான். நாங்க அவன் சத்தத்துக்கு மேடையில வாசிச்சுக்கிட்டே இருக்கோம். விளக்கு ஒண்ணொண்ணா கொறயுது. கடைசி ஒண்ணு மட்டும் ரொம்ப நேரம் எரிஞ்சுது. அப்புறம் அதுவும் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆளும் கெடைக்கல, கிட்டாரும் கெடைக்கல. அவங்க அம்மா சாகற வரைக்கும் வாசல் கதவைச் சாத்தல." பிறகு அவரே கேட்டார்: "ஆன் பண்ணீங்களா?"

"பண்ணேன். கூட கொஞ்சம் வாசிச்சேன்."

"நெட்டையனுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. யாராவது கூட வாசிச்சா தூரத்துல நிக்க மாட்டான். பக்கத்துல வந்து ஒட்டி நின்னுதான் வாசிப்பான்."

அன்று மாலை அவர் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். அடுத்த நாளும் தொடவில்லை. அதற்கடுத்த நாளும். ஆனால் அணைத்து வைத்த நாட்களில்தான் ஆள் பாதியானார். எரிந்தால் எங்கே இருக்கிறதென்று தெரியும். அணைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கடையில் ஒருவருக்குக் கண்ணாடியை மாட்டிவிடும்போது, அந்த ஆளின் தோளுக்குப் பின்னால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். "பழைய சாமானா வாங்கிக் குவிச்சா பேயும் இலவசமாத்தான் வரும்" என்றாள். நாம் கொஞ்ச நாள் வேறெங்காவது தங்கலாமே என்றார். பேக்கரிக்கு யார் போவது என்று கேட்டுவிட்டு அவள் படுக்கப் போனாள்.

கடைசியில் தாங்க முடியாமல், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், பிளக்கைச் செருகினார். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று எண்ணம்.

மூன்று விளக்கு.

ஸ்பீக்கரில் மழை பெய்தது. வெளியே பெய்யும் அதே மழை. பழைய கிட்டாரில் கம்பிக்கடியில் இருக்கும் காந்தத்தைச் சுற்றிய மெழுகு வறண்டுபோனால், அது கம்பியை மட்டும் கேட்காது, பக்கத்தில் பேசுவதையும் நடப்பதையும் கேட்கும். இது அவருக்குத் தெரியும். தெரியாமலிருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஸ்பீக்கரில் அது காதோரத்தில் குரைத்தது. வெளியே சன்னமாக, மெத்தை அடித்த சுவருக்கு அப்பால் குரைத்தது. பிறகு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் முனகி அடங்கியது.

நான்கு விளக்கு.

இரும்பு கேட்டின் முனகல். அவருடைய கேட். எண்ணெய் போட வேண்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்த கேட்.

அவர் எழுந்து அறைக்கதவைத் தாழிட்டார். தாழ் போதுமென்று தோன்றவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான்கு பேர் இறக்கிய பெட்டியைப் பயம் ஒரே ஆளாக நகர்த்தியது. ஒயரெல்லாம் இழுபட, அது கதவை அடைத்துக்கொண்டு போய் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சக்கரம் உடைந்து, பெட்டி கதவின்மேல் சாய்ந்து உட்கார்ந்தது. நல்லது என்று அவர் நினைத்தார். உண்மையிலேயே அப்படி நினைத்தார்.

ஸ்பீக்கரில் பூட்டு திரும்பியது. அவர் கையாலேயே பூட்டிய வாசல் கதவு.

ஐந்து விளக்கு.

இனி ஊளை வரும் என்று காத்திருந்தார். கிட்டாரை அதன் ஸ்பீக்கருக்கே கிட்டே கொண்டுவந்தால் காது கிழிய ஊளையிடும். எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். அது இந்தக் கதவுக்கு வந்தால் பெட்டி அலறும். ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காலடி. ஈரமான, நிதானமான காலடி. தரையில். கதவுக்கு வெளியே. பெட்டி இலேசாக முனகத் தொடங்கியது. முனகல் ஏறியது. ஏறியது.

குறைந்தது.

ஏன் குறைகிறது? அவருக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. ஐந்து விளக்கும் எரிகின்றன, ஆனால் ஊளை இறங்குகிறது. கதவை விட்டு விலகிப் போகிறது. வாசல் பக்கமாக இல்லை. காலடியில் இப்போது மரம் கேட்டது.

படிக்கட்டு.

அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். யாருக்குக் கேட்கும்? போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. உடைந்த சக்கரம் தரையோட்டின் இடுக்கில் மாட்டியிருந்தது. மீண்டும் இழுத்தார். விரல் நகம் பெயர்ந்தது. மைக் ஸ்டாண்டைத் தூக்கி, மேல்தளத்தை இடித்தார். இடித்துக்கொண்டே இருந்தார்.

அவர் பக்கத்திலிருந்த பெட்டிக்குள்ளிருந்து, மிக அருகில், தூக்கக் கலக்கத்தோடு அவள் குரல் வந்தது.

"என்னங்க, இன்னைக்குத் தாளமும் சேத்து போடுறீங்க?"

அவர் இடிப்பதை நிறுத்தினார்.

கம்பி அதிர்ந்தது. தாழ்ந்த, நீண்ட, ஒற்றை ஸ்வரம். பெட்டியிலிருந்து அவர் நெஞ்சுக்குள் இறங்கியது. மேலே தளம் வழியாகவும் இறங்கியது.

"லைட்டப் போடாதீங்க, கண்ணு கூசும். அப்படியே வாசிங்க."

இன்னொரு ஸ்வரம். அவர் பெட்டியைப் பல்லால் கடித்து இழுக்காத குறைதான். இல்லை. இல்லை. நான் இங்கே இருக்கிறேன். நான் கீழே இருக்கிறேன்.

ஸ்பீக்கரில் மெத்தென்று ஒரு ஓசை. கிட்டாரின் மரத்தில் ஒரு உள்ளங்கை பதியும் ஓசை. மாவு பிசைந்து பிசைந்து தடித்த உள்ளங்கை.

"எவ்ளோ சில்லுன்னு இருக்கு" என்றாள் அவள், பிரியத்தோடு. "மழையில நனைஞ்சீங்களா? தள்ளிப் படுத்துக்கறேன். வாங்க."

கட்டில் கிரீச்சிட்டது, ஸ்பீக்கரிலும் அவர் தலைக்கு மேலேயும்.