ஒரு பொந்துக்கு ஒரு குத்து

வன்னா பொந்துக்குள் விட்ட குச்சி வெளியே வந்தபோது அதன் நுனியில் சுண்ணாம்பு இல்லை. யாரோ நக்கித் துடைத்தது போலிருந்தது.

காலையில் உப்பளத்தின் வெள்ளையில் கண் கூசக் கூச நடந்து, வரப்பிலேயே உட்கார்ந்து சுட்ட கானாங்கெளுத்தியும் சோறும் தின்று, கடல் வற்றத் தொடங்கியதும் செர்ம் மாமாவின் படகில் வந்து அவளும் கணவன் கமோனும் மேக்லாங் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டில், புதையாமல் சறுக்கிப் போக ஆளுக்கொரு பலகையோடு இறங்கியிருந்தார்கள். அழுகிய நண்டு வாடை. சேறெங்கும் குமிழிகள் பொட்டுப் பொட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு தொட்ட குச்சியைப் பொந்தில் குத்தினால், விரல் நீளச் சிப்பி எரிச்சல் தாங்காமல் தானே மேலே வரும்.

"ஒரு பொந்துக்கு ஒரு குத்து!" தரைதட்டி நின்ற படகிலிருந்து மாமா கத்தினார். "சுண்ணாம்புப் பொடியக் கொட்டிடாதீங்க. கீழ இருக்கறதுக்கு ஆகாது."

"ஒண்ணொண்ணா குத்துனா கூடை எப்ப நிறையும் மாமா, அடுத்த வருஷமா?" என்றான் கமோன். எதிலும் அவசரக் குடுக்கை.

"வேணாங்க. இந்தக் குச்சியப் பாருங்களேன்."

"குச்சியப் பாத்தா பயப்படுறே?" சிரித்துக்கொண்டே பலகையை விட்டு இறங்கி, சுண்ணாம்புப் பொட்டலம் முழுவதையும் அந்தப் பொந்திலேயே கொட்டினான்.

குமிழிச் சத்தம் நின்றது. திட்டு முழுக்க, ஒரே நேரத்தில்.

கமோன் முழங்கால்வரை புதைந்தான். "சேறுதான்டி, கையக் குடு." பிறகு இடுப்புவரை. வன்னா தன் பலகையில் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. அவன் ஒரு விரற்கடைகூட மேலே வரவில்லை.

"மாமா! படகக் கொண்டாங்க!"

"தண்ணி ஏறாம நகராதும்மா!"

தண்ணீர் ஏறினால் கமோன் தலைக்கு மேல் போகும். அது மூன்று பேருக்குமே தெரியும். மாமா தன் பலகையைத் தள்ளிக்கொண்டு பாதி தூரம் வந்தார். சேற்றைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"வன்னா... கால்ல குத்துது. எரியுதுடி."

"விடமாட்டேங்க. விடவே மாட்டேன்."

கழுத்து. வாய். அவன் கண்கள் அவளையே பார்த்தன. பிறகு கண்களும் இல்லை. கை மட்டும் அவள் கைக்குள் இருந்தது. அதுவும் வழுக்கியது.

சேறு மூடிக்கொண்டது. வழவழவென்று. நடுவில் ஒரு சின்னப் பொந்து.

வன்னா பலகைக்கு வெளியே நீட்டிக்கிடந்த கால்களை மடக்க நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை.

பொட்டென்று ஒரு சத்தம். பக்கத்தில் இன்னொன்று. பலகையைச் சுற்றிலும் பொந்துகள் திறந்தன.

ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குச்சி மேலே எழும்பியது. நுனியில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒன்று பலகையைத் தட்டிப் பார்த்தது. விலகியது. அவசரமே இல்லாமல், அவள் உள்ளங்காலைத் தேடத் தொடங்கியது.