பளபளத்த மூன்று கம்பிகள்

டொக்... டொக்... டொக்...

மழைக்குக் கடையில் ஒதுங்கிய ஆள்தானே என்று முதலில் அவள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நனைந்த தலையோடு பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே குந்தி, இரும்பை வைத்து அடிக்கிற, பச்சை பெயின்ட் பூசிய பட்டடை ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால்... அவளும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"ஏங்க, அது கதவு இல்லை. எவ்வளவு தட்டினாலும் யாரும் திறக்க மாட்டாங்க."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். இமையில் நின்ற மழைத்துளி கன்னத்தில் உருண்டது. அடடா... என்ன கண்கள்! சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பவன் மாதிரி ஒரு தவிப்பு. அவளுக்குள் ஏதோ ஒரு நொடி தடுமாறியது. வியாபாரத்தில் நிற்பவள் தடுமாறலாமா? முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"கத்தி அடிக்கப் பழகணும்..." என்றான். "புத்தக பைண்டிங் கடை வச்சிருக்கேன். அட்டைக்குத் தோல் சீவற கத்தி ஒண்ணும் கைக்கு ஒத்து வரலை. நானே செஞ்சுக்கலாம்னு முப்பது வீடியோ பார்த்துட்டேன்."

"முப்பது பார்த்துமா இதை எடுத்தீங்க?"

மேசையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து பச்சைப் பட்டடைமேல் போட்டாள். குண்டு சோம்பலாக ஒரு துள்ளு துள்ளி உருண்டு விழுந்தது.

"வெறும் வார்ப்பிரும்பு. அடியை வாங்கிக்கும், திருப்பித் தராது. ஓங்கி அடிச்சா மூலை உடைஞ்சுடும். இப்ப இதைப் பாருங்க."

தண்டவாளத் துண்டு ஒன்றை நட்டமாக நிறுத்தி அதன் தலையில் குண்டைப் போட்டாள். டிங்! குண்டு துள்ளி அவள் உள்ளங்கைக்கே வந்துவிடும் போலிருந்தது.

"இதை இப்படியே மரக்கட்டையில புதைச்சுக்கோங்க. முதல் கத்திக்கு இது தாராளம். எஃகுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினா விறைச்சுக்கும்."

அவன் குண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். பிறகு சொன்னானே ஒரு வார்த்தை...

"கடை உங்க அப்பாவோடதுதானே? அவர் எப்ப வருவார்? இரும்பு தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

சுருக்கென்றது அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக இந்த இரும்போடு மல்லுக்கட்டுகிறாள். இவளுக்குத் தெரியாதாம்!

"நாளைக்குத்தான் வருவார். வேணும்னா எடுங்க, வேணாம்னா விடுங்க."

அவன் மறுபேச்சில்லாமல் தண்டவாளத்தையும் பட்டையையும் எடுத்துக்கொண்டான். போகிற போக்கில் மூலையிலிருந்து மூன்று கம்பிகளையும் சேர்த்துக்கொண்டான். "அடிச்சுப் பழக இது போதும்ல? பளபளன்னு, துருவே இல்லை..."

துத்தநாகம் பூசிய கம்பிகள். துருப் பிடிக்காததே அதனால்தான். ஆனால் நெருப்பில் வைத்தால் அந்தப் பூச்சு விஷப் புகையாகும். 'அதை வச்சுட்டுப் போங்க' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. இரும்பு தெரிஞ்சவங்ககிட்டயே கேட்டுக்கட்டும்! வார்த்தையை விழுங்கிவிட்டு, கம்பிகளைத் தானே கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அப்பா இருமினார்.

தினமும் இருமுகிறவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மூடிய கொட்டகையில் இதே மாதிரி பூச்சுக் குழாயைக் கேஸ் நெருப்பில் வெட்டியவர். சாயந்திரம் ஆரம்பித்த குளிர் நடுக்கம், நாலு நாள் ஆஸ்பத்திரி... அன்றைக்கு அவரைத் தாங்கிப் பிடித்தவள் இவள்தான். அந்த இருமலைக் கேட்டதும் கையிலிருந்த டம்ளர் நழுவியது. கடவுளே... நான் என்ன காரியம் செய்துவிட்டேன்?

பெயர் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை. பைண்டிங் கடை... அது ஒன்றுதான் தெரியும். குடையை மறந்து கொட்டுகிற மழையில் ஓடினாள். முதல் கடை பூட்டிக் கிடந்தது. இரண்டாவதில் ஒரு பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பியா? பின்னால ஷெட்ல இருக்கான். சாரல் அடிக்குதுன்னு ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டு, காலையிலேர்ந்து ஒரே புகை..."

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஷெட் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். உள்ளே சத்தமில்லை. இன்னும் இடித்தாள். இருக்கணும்... அவனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கணும்...

கதவு திறந்தது. முகமெல்லாம் கரியோடு அவன்!

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், உலையில் இருந்த கம்பியை இடுக்கியால் பிடுங்கி மழையில் எறிந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். "எவ்வளவு நேரமா? புகை வந்துச்சா?"

"முதல் கம்பியில கொஞ்சம்... வெள்ளையா, பஞ்சு மாதிரி பறந்துச்சு. அழகா இருந்துச்சு. நாக்குல ஏதோ இனிக்குது..."

அந்த இனிப்பை அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

தெருமுனை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியலை. சாயந்திரம் ஆறு வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாருங்க. நடுக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரி."

கடையின் பின்கட்டில், வெட்டிய காகிதச் சுருள்களுக்கு நடுவே ஒரு பெஞ்சு. அவன் ஒரு முனையில், அவள் மறுமுனையில். சுவர்க் கடிகாரம் நகரவே மாட்டேன் என்றது.

"நல்ல நேரத்துல வந்தே தாயி. நீ வரலைன்னா என்ன ஆயிருக்கும்!" அவன் அக்கா அவள் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள்.

அந்தத் துண்டு தணலாகச் சுட்டது. அக்கா முன்பக்கம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்..." குரல் உடைந்தது. "அது ஆகாத கம்பின்னு நேத்தே தெரியும். தெரிஞ்சேதான் கட்டிக் குடுத்தேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். திட்டட்டும்... எழுந்து போகச் சொல்லட்டும்...

"ஏன்?"

"இரும்பு தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்னீங்களே..."

"அதுக்காகவா? நான் செத்திருந்தா?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. அவன் கோபமாக எழுந்தான். ஜன்னல் வரை போனான்... திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." தன் விரல்களில் காய்ந்த பசையை உரித்தான். "ஆனா நீங்க நினைச்ச மாதிரி இல்லை அது. நான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன்... கேக்க வந்ததெல்லாம் மறந்துபோச்சு. உங்ககிட்ட நின்னா உளறிடுவேன்னு பயம். அதான் அப்பாவைக் கேட்டேன்."

அவள் அழுகையை மறந்து அவனைப் பார்த்தாள். இதற்காகவா இத்தனையும்?

மூன்று மணி. "குளிருதா?" "இல்லை." நாலரை. "இப்ப?" "இல்லைங்க." ஐந்தேகாலுக்கு அவன் தோள் லேசாக அசைந்தது... அவள் பதறி எழுந்தாள். தும்மல்! இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் கண் கடிகாரத்தைவிட்டு அகலவில்லை.

ஆறு அடித்தது. ஆறேகாலும் ஆனது. அவன் நன்றாகத்தான் இருந்தான். அவள் துண்டை மடித்து வைத்தாள். "இனிமே பயமில்லை. கிளம்பறேன்..."

"குளிருது" என்றான் அவன்.

அவள் பதறி நெற்றியில் கை வைத்தாள். மழை நேரத்துச் சுவர் மாதிரி ஜில்லென்றிருந்தது. காய்ச்சலும் இல்லை, நடுக்கமும் இல்லை.

"பொய் சொல்றீங்க!"

"ஆமா. பயந்தீங்கன்னா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீங்கன்னு..."

காலையிலிருந்து ஓடி ஓடி, அழுது அழுது, அவளிடம் ரோஷம் என்று எதுவும் மிச்சமில்லை. நெற்றியில் வைத்த கையை எடுக்கவும் தோன்றவில்லை.

"பயம் இல்லைன்னாலும் இருப்பேன். வாயைத் திறந்து கேட்டா."

அவன் உளறவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"இருங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். சொல்லும்போது நடுங்கியது அவள்தான்.