சுவரைப் பார்த்த பொட்டு

விஜயதசமி கழிந்து நாலாம் நாள் காலையில், காந்திபுரத்தில் இருந்த அழகிரிசாமியின் மாடி அறைக்கு உம்மல் குல்சும் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அழகிரிசாமி முப்பது வருஷம் கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே எது வெடித்தாலும் உடைந்தாலும், தப்பு யார்மேல் என்று தெரிந்தாக வேண்டியவர்கள் அவரிடம் வருவார்கள். பெரும்பாலும் காரில் வருவார்கள். குல்சும் உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள்.

அவளுடைய கேள்வி ஒன்றுதான்.

"எங்கூட்டுக்காரரு போட்ட வெல்டிங் நெசமாலுமே உட்டுப்போச்சுங்களா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஆமான்னாலும் பரவால்லீங்க."

பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது. கணவர் முகமது யூசுப், சின்னவேடம்பட்டியில் நரசிம்மலுவின் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டர். ஒரு காலத்தில் அங்கே பம்புசெட் செய்தார்கள். இப்போது நரசிம்மலுவின் மகள் ஹர்ஷிணி ராக்கெட்டுக்கான எரிபொருள் டேங்க் செய்கிறாள். முதல் டேங்கின் தகடுகளை இணைத்த வெல்டிங் தையல் முழுவதும் யூசுப்பின் கைவேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அது நசுங்கி, ஓரிடத்தில் பிளந்து கிடந்தது. "உங்க கையை நம்பித்தானேண்ணா இருந்தேன்" என்று ஹர்ஷிணி ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்.

அன்றிலிருந்து யூசுப்புக்குச் சோறு இறங்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்ற வந்தவர்கள் சொல்லச் சொல்ல, தன் கை போய்விட்டது என்று அவரே நம்பிவிட்டார். நேற்று யாருக்கோ போன் போட்டு வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் குல்சும் பஸ் ஏறினாள்.

அழகிரிசாமியின் உதவியாளர் தேஜஸ்ரீ துடிப்பான பெண். பாதி கேட்டதுமே குற்றவாளியைப் பிடித்துவிடுவாள்; பிடித்தவன் குற்றவாளியாக இருக்கமாட்டான், அவ்வளவுதான். ஷெட்டுக்குப் போகிற வழியிலேயே, போட்டிக் கம்பெனிக்காரன் வேலை என்று தீர்ப்புச் சொன்னாள். அழகிரிசாமி ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் ஹர்ஷிணி எழுந்து வந்து குல்சுமின் கையைப் பிடித்தாள். தூங்காத முகம். பூஜையன்று சோதனைக்கூடத்தில் டேங்க் சோதனைக்குத் தேதி உறுதி செய்யத் தான் வெளியூர் போயிருந்ததாகச் சொன்னாள். வெல்டிங் தோல்வி என்று முந்தாநாளே அறிக்கை அனுப்பியாயிற்று. தேதியை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி ஷெட்டை மூட வேண்டியதுதான். மூலையில் நாற்காலியில் நரசிம்மலு உட்கார்ந்திருந்தார். குல்சுமின் மகள் ரம்ஷா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்த மனிதர்.

டேங்கின் மேலே ராக்கெட்டின் மேல்பாகத்துக்குப் பதிலாக வைத்த இரும்பு எடை, மிதிபட்ட பால் பாக்கெட்டைப் போல டேங்கை அழுத்திக் கிடந்தது. அழகிரிசாமி தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குல்சுமுக்குப் புரியும்படி சொன்னார்.

"எடை கொறையணும்னு தகட்டை விசிட்டிங் கார்டு கனத்துக்குச் செஞ்சிருக்காங்க அம்மிணி. இது நிக்கிறது தகட்டுப் பலத்துல இல்லீங்க, உள்ள அடைச்ச நைட்ரஜன் பலத்துல. அழுத்தம் இருக்கிற வரைக்கும் தூணு. போச்சுன்னா சாக்கு."

"அப்ப வெளியேத்தற வால்வைத் தெறந்தாப் போதுமே?" என்றாள் தேஜஸ்ரீ.

வால்வு மூடியேதான் இருந்தது என்றாள் ஹர்ஷிணி. தொடக்கூடாது என்று சிவப்பு அட்டை வேறு கட்டியிருந்தாளாம். அந்த வழி இல்லை என்றால் மிச்சம் தையல்தான். குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்ற பதிலைக் கொண்டுபோய் வீட்டில் எப்படிச் சொல்வது?

அழகிரிசாமி பிளந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு டேங்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வால்வை டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கிருந்து கம்ப்ரசருக்குப் போனார். பட்டறை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. லேத், டிரில், ஸ்பேனர் ஒன்று பாக்கியில்லை. பொட்டு யார் வைப்பது என்று கேட்டார்.

"நைனா மட்டும்தாங்க சார். நாப்பது வருசப் பழக்கம். பூஜையன்னிக்கு மெஷினெல்லாம் மூச்சடங்கி ஓய்வா நிக்கணும்பாரு. கம்ப்ரசர் காத்தைக்கூட இறக்கிப்போட்டுத்தான் பொட்டு வெப்பாரு." சொல்லிவிட்டு ஹர்ஷிணி அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"அந்தச் சிவப்பு அட்டை எங்கீங்க?"

தேஜஸ்ரீ தேடி எடுத்தாள். பூஜை மேடையில் நோட்டு, வரைபடங்களுக்கு நடுவே, நெற்றியில் சந்தனத்தோடு இருந்தது. எழுத்து என்று இருப்பதெல்லாம் பூஜைக்குப் போய்விட்டது. பூஜையில் வைத்ததை அன்று யாரும் படிப்பதில்லை.

அழகிரிசாமி எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"தையல் மொதல்ல உட்டிருந்தா, கிழிசல் தையலோடயே ஓடியிருக்கும். இது மடிப்போட ஓடுதுங்க, தையலைக் குறுக்க வெட்டிக்கிட்டு. அதாவது மொதல்ல மடிஞ்சுது, பொறவுதான் கிழிஞ்சுது. யூசுப் கையில ஒரு கொறையும் இல்லை."

குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அழுத்தம் எப்படிப் போச்சு? வால்வோட கைப்பிடி முனையிலயும் பொட்டு இருக்குது. ஆனா மூடின நெலையில அந்த முனை சுவரைப் பாத்து நிக்குது. நடுவுல ஒரு வெரல் நொழையாது. அங்க யாரும் பொட்டு வெக்க முடியாதுங்க. அப்ப, பொட்டு வெச்ச நேரத்துல கைப்பிடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கணும். தெறந்திருக்கணும்."

ஹர்ஷிணியின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று குல்சுமுக்குத் தெரியவில்லை.

"இதே மாதிரி கம்ப்ரசர்லயும் வால்வைத் தெறந்து முனையில பொட்டு வெச்சிருக்குது. அது இன்னிக்கு வரைக்கும் தெறந்தே கெடக்குது. மறுநா வழக்கப்படி மூடியிருந்தா ரெண்டையும் மூடியிருப்பீங்க. டேங்க் வால்வை மட்டும் மூடினீங்க." அழகிரிசாமி முதன்முறையாக நரசிம்மலுவை நேராகப் பார்த்தார். "தெறந்தது அறியாமத் தெறந்ததுங்க, அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். மூடினதுதான் தப்பு."

நரசிம்மலு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"அதுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுப்பமேன்னு மெதுவாத்தானுங்க தெறந்துவிட்டேன். நல்லாத்தான் நின்னுட்டிருந்துச்சு. நான் ஊடு போன பொறவு உழுந்திருக்கு. விடியால ஷெட்டைத் தெறந்து பாத்தா இப்படி. அஞ்சு வருசம் சோறு தண்ணியில்லாம எம்பொண்ணு செஞ்சது. எங்கையாலயே போச்சுன்னு அவகிட்ட எந்த மொகத்தோட சொல்லுவேன்?" குல்சும் பக்கம் திரும்பினார். "யூசுப்புன்னா தாங்கிக்குவான்னு நெனச்சுப்போட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் சுமக்க ஆள் இருந்தும் யாருக்கும் பாரம் குறையவில்லை. ஹர்ஷிணி கணினியைத் திறந்து திருத்த அறிக்கை எழுத ஆரம்பித்தாள். காரணம் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்தபோது அவள் தோள் குலுங்கியது. அறிக்கை யூசுப்பின் பெயரைக் காப்பாற்றும். சோதனைத் தேதியைத் திருப்பித் தராது.

குல்சும் திட்ட நினைத்தாள். நாலு நாளாகப் பட்டினி கிடப்பவரின் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டும் என்று எழுந்தவள், அந்தக் கிழவர் மகளின் முதுகையே பார்த்தபடி நிற்பதைக் கண்டு, போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவர் கை நல்ல கை. சொன்னதும் எழுந்து உட்காருவார், இன்றைக்காவது சாப்பிடுவார். படியேறும்போதே கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

யூசுப் எழுந்து உட்கார்ந்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரா?"

"ஆமாங்க."

"மூடினதும் அவரேதானா?"

அவள் தலையாட்டினாள். அவர் பழையபடி படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"எங்கை போச்சுன்னே இருந்திருக்கலாம், குல்சு" என்றார்.