விளக்குக்கு வராத அந்துப்பூச்சி

விளக்கை ஏற்றிய பிறகும் அந்துப்பூச்சி அதனிடம் வரவில்லை. தொட்டிலைப் பார்த்தபடி சுவரிலேயே உட்கார்ந்திருந்தது.

கட்டைவிரல் நகம் அளவுதான். மரப்பட்டையின் பழுப்பு. இறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரிய வட்டம், வட்டத்துக்குள் ஈரம் மின்னுவதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. இந்தத் தீவில் மட்டுமே இருக்கும் பூச்சி. துக்க வீட்டுக்கு வரும். இறந்தவர் அதன் இறகுக் கண்களால் கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, அடக்கம் முடியும்வரை அது வந்துபோகச் சன்னல்களைத் திறந்து வைப்பார்கள்.

அக்கா ஓர்த்தான்ஸ் இறந்த அன்று பிணத்தருகே வந்த பூச்சியை ஸெலியா உள்ளங்கையில் நசுக்கியிருந்தாள். அக்கா இனி எதையும் பார்க்க வேண்டாம். நசுக்கியதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன், வற்றிய கடலில் இருவரும் ஈட்டியோடு எட்டுக்கால் பேய்க்கணவாய் குத்தப் போனபோது அக்காவின் கால் பாறை இடுக்கில் மாட்டியது, நீர் ஏறியது, ஸெலியா மட்டும் கரைக்கு நடந்தது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. அக்காவின் புருஷன் ஒனெஸிம் இப்போது இவளுடைய புருஷன். தொட்டிலில் அவனுக்கு இவள் பெற்ற மகள்.

பக்கத்து வீட்டு லுசியெத் சமைக்க ஓர் ஈரப்பலாக் காயோடு வாசலில் தலைகாட்டினாள்.

"என்னடி, செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? புருஷன் படம்கூட மாட்டலையே அங்க."

"அந்தப் பூச்சி வெளக்குக்கு வரமாட்டேங்குதுக்கா."

"உன் சமையலத் திங்க வந்திருக்காது, பயப்படாத." சிரித்தவள் சுவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். "இங்க யாரும் சாகலையே ஸெலியா. இது ஏன் வந்துச்சு?"

ஈரப்பலாவைக் கீழே வைத்தாள். சொல்லிக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போனாள்.

ஸெலியா சன்னலைத் திறக்க ஓடினாள். போகட்டும். இப்போதாவது போகட்டும். மழையில் ஊறி உப்பிய சன்னல் பலகை அசையவில்லை. தகரக் கூரையின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது; காய்ந்த காகிதத்தோடு காகிதம் உரசுவதுபோல, பலகைக்கு அந்தப் பக்கம் முழுவதும். வற்றிய கடலின் நாற்றம் அறைக்குள் மெல்ல ஏறியது.

திரும்பினாள்.

சுவர் வெறுமையாக இருந்தது.

"அக்கா," என்றாள். "என்னை என்ன வேணாப் பண்ணு. புள்ளைய விட்டுடு."

உரசல் நின்றது. மழையும் நின்றது.

தொட்டிலில் ஒரு சிரிப்பு.

விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கொசுவலையை விலக்கினாள். குழந்தை மல்லாந்து கிடந்தது. கண்களின் மேல் பழுப்பாக ஏதோ. ஒவ்வொன்றிலும் ஒன்று. தட்டிவிட விரலை நீட்டினாள்.

அடியில் இமை இல்லை. இறகுதான் இமை.

அவை மெல்ல மூடின. மெல்லத் திறந்தன. கரிய வட்டங்கள் இரண்டும் அவளைப் பார்த்தன.