ஸ்பாஞ்சில் பச்சை ஏறவில்லை

ஸ்பாஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

கதவுகளையும் டிக்கியையும் தேய்த்தபோது பழைய அம்பாசடரின் கரும்பச்சை, பாலிஷ் மெஷினில் மாட்டிய ஸ்பாஞ்சில் ஏறிக்கொண்டே வந்தது. அந்தக் காலத்துக் கம்பெனிப் பெயிண்ட் என்றால் அப்படித்தான் ஏறும். பேனட்டில் மட்டும் ஒரு பொட்டுப் பச்சை ஒட்டவில்லை. மேலே யாரோ நிறமில்லாத புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று மாதேஸ்வரனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

குருபரப்பள்ளி ஹைவே ஓரத்து ஷெட்டில், பட்டப்பகலிலும் ஷட்டரை இறக்கி உள்பக்கம் பூட்டி, ஒற்றை விளக்கைச் சாய்த்து வைத்துத்தான் அவன் பாலிஷ் போடுவான். இருட்டில்தான் கீறல்கள் கண்ணில் படும். வெளியே லாரிகள் இரைந்தன. உள்ளே பேஸ்ட் வாடையும் புழுக்கமும்.

கார் அசோக்குமாருடையது. ஒரிஜினல் பெயிண்ட் என்றால் வாங்கிக்கொள்வதாகப் பெங்களூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் பாகலூர் ரோட்டில் ஏதோ ஒரு வண்டி மாதேஸ்வரனின் மனைவி சம்பங்கியை அடித்துப்போட்டு நிற்காமல் போனபோது, பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவன் இந்த அசோக்குமார்தான். சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவனுக்குப் பிசைந்து ஊட்டியவனும் அவன்தான். மாதேஸ்வரனுக்கு என்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள்.

அவனுக்குப் போன் போட்டான்.

"பேனட்டுக்குப் பெயிண்ட் அடிச்சியாடா?"

"இல்லியே. எங்கப்பா வாங்கினப்ப எப்படியோ அப்படியேதான் கீது."

"மேல புதுசா பூசிக்கீதேடா?"

அசோக்குமாரின் குரல் அவசரப்பட்டது. "மாதேசு, பேனட்ட உட்ரு. தேய்க்காத. நான் இதோ வந்துட்டேன்."

தேய்க்காதே என்ற பிறகு கை சும்மா இருக்குமா? மெஷினை அழுத்தினான். பூச்சு பாலாடையாகத் திரண்டு விலகியது. அடியில் மங்கலாக ஒரு கறை. துணியால் துடைத்தான். போகவில்லை. இன்னும் தேய்த்தான். கறை தெளிந்தது.

உள்ளங்கை. ஐந்து விரல். மோதிர விரலில் நுனி இல்லை.

கம்பெனியில் பிரஸ் மெஷினில் நசுங்கி நுனி போன சம்பங்கியின் விரல்.

ஒன்றல்ல. ஹெட்லைட்டிலிருந்து முன்கண்ணாடி வரை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, பற்றிப் பற்றி ஏறிய கைகள். உயிரோடு ஏறியிருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்து "அண்ணா" என்று கூப்பிட்டும் இருப்பாள். அசோக்குமார் நிறுத்தவில்லை.

பாவி. அந்தக் கையாலா எனக்குச் சோறு ஊட்டினாய்? மாதேஸ்வரன் மெஷினை அணைத்தான்.

தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

பேனட்டுக்குள்ளிருந்து வந்தது. சர். சர். விளக்கைத் திருப்பினான். பேனட்டில் இருந்த தடங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. கடைசியில் வெறும் பளபளப்பு. இப்போது சிமெண்ட் தரையில் ஈரமான கைத்தடங்கள். காரிலிருந்து ஷட்டரை நோக்கி.

ஷட்டர் அதிர்ந்தது.

"மாதேசு! தொறடா. எல்லாம் சொல்லிட்றேன்."

பூட்டு தானாகக் கழன்று விழுந்தது. ஷட்டர் ஒரு சாண் உயர்ந்தது. அந்த வெயில் கீற்றில் அசோக்குமாரின் செருப்புக் கால்கள்.

ஓடிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.  மாதேஸ்வரன் வாயை மூடிக்கொண்டான்.

புது பாலிஷ் போட்டதுபோல் மின்னிய ஒரு கரும்பச்சைக் கை வெயிலுக்குள் நீண்டு, அந்தக் கணுக்காலைச் சுற்றி மெதுவாக, ஒவ்வொரு விரலாக மூடியது.