மேசைக்கு அடியில் ஒரு கருந்துளை

விண்வெளியில் கருந்துளையைக் கண்டுபிடிப்பது சிரமம். எம்.ரெட்டியபட்டியில் அது மாரிக்கனியின் அப்பாவுடைய பருத்திக் காட்டில் இருந்தது. கண் படாமல் இருக்கக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்த கரிப்பானை. அதன் வெள்ளைப் புள்ளிகளை அழித்ததும், ஏழாம் வகுப்பின் அறிவியல் கண்காட்சிக்குக் கருந்துளை தயார்.

யோசனை அவளுடைய வகுப்புத் தோழி இவாஞ்சலினுடையது. கருந்துளை பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கும். எல்லாவற்றையும் விழுங்க முடியாது. மிச்சம் பெருங்காற்றாகச் சீறிப் போய், சுற்றியுள்ள வாயுவைக் குமிழியாக ஊதி ஒளிர வைக்கும். அந்த ஒளிரும் மேகம்தான் நெபுலா.

பானையின் வாயில் கட்டிய பாலித்தீன் பைதான் அவர்களுடைய நெபுலா. மேலே சாயம் தோய்த்த பஞ்சு. பையில் சின்ன ஓட்டை இருந்ததால், ஓயாமல் காற்றடித்தால்தான் உப்பி நிற்கும். அதற்கான சைக்கிள் பம்பு மேசைக்கு அடியில் இருந்தது. மேசையை மூடிய சேலைக்குப் பின்னால், பம்புடன் இவாஞ்சலின் இருந்தாள்.

"நீ பே... பேசிரு. நான் காத்தடிக்கேன்," என்று மாரிக்கனியிடம் அவளே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பேச்சு திக்கும்.

மதியம் அவளுடைய அம்மா ஞானப்பூ வந்தார். பருத்தி எடுப்பைப் பாதியில் விட்டு வந்ததால் தலையெல்லாம் பஞ்சு.

"ஏத்தா, எம் பிள்ளைய எங்க? இங்கதான் நிப்பேன்னா. மூணு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்."

மாரிக்கனி வாயைத் திறப்பதற்குள் நடுவர் வந்துவிட்டார். பானையைப் பார்த்தார்.

"இது யாரு கண்ணு படாம இருக்க?"

"கருந்துளை சார்."

"கருந்துளை கண்ணுக்குத் தெரியாதே. இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

மாரிக்கனி மனப்பாடத்தை ஒப்பித்தாள். "மேகம் உப்புறத வச்சு சார். உள்ள ஒண்ணு ஓயாம ஊதுதுன்னு அர்த்தம். நமக்குத்தான் அது தெரியாது..."

குரல் இறங்கிவிட்டது. ஞானப்பூ அடுத்த மேசைகளில் மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்த, இங்க வாங்க," என்று கூப்பிட்டு, மாரிக்கனி சேலையைத் தூக்கினாள். "இவதான் சார் ஊதுறா. யோசனையும் இவளோடதுதான்."

வேர்வையில் நனைந்த இவாஞ்சலின் பம்பைக் கட்டிக்கொண்டு விழித்தாள்.

"ஏட்டி, அங்க என்ன பண்ற?" என்றார் ஞானப்பூ.

பம்பு நின்றதால் நெபுலா சுருங்கிப் பானை மேல் படுத்துவிட்டது.

"வெளிய வாம்மா," என்றார் நடுவர். "நெசமான நெபுலா எவ்வளவு பெரிசு?"

"நூ... நூ..."

மாரிக்கனிக்குப் பதில் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நூத்துக்கணக்கான ஒளியாண்டு சார்," என்று முடித்தாள் இவாஞ்சலின்.

ஒளியே அதைக் கடக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நடுவர் அரை நிமிடம் காத்திருந்ததில் தவறில்லை.

"அங்கருந்து எக்ஸ்ரேயும் வ... வரும்."

"ஆஸ்பத்திரில எடுப்பாகளே, அதா?" என்றார் ஞானப்பூ.

"அதேதாம்மா. ஆனா சூரியன் வெளிச்சத்தவிட லட்சக்கணக்கான மடங்கு," என்றாள் இவாஞ்சலின்.

ஞானப்பூ பானையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மாரிக்கனி சத்தமில்லாமல் சேலைக்குள் நுழைந்தாள். பம்பு இன்னும் சூடாக இருந்தது. மேலே ஒரு குரல் நின்று நின்று பேசியது. வெளியே மூணு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சேலை ஓரத்தில் தெரிந்த ஞானப்பூவின் செருப்புகள் அசையவில்லை. மாரிக்கனி வேகமாகக் காற்றடித்தாள்.