டத்தோவின் இடது காது

"அந்தக் கூண்டக் கீழ வைங்க. அது எங்க பூனை."

பின்னாலிருந்து வந்த குரலில் சண்டைக்கு வேண்டிய எல்லாமே இருந்தது. வர்தினா திரும்பவில்லை. தெருப்பூனைகளுக்காகப் பூனை வீடு தொடங்கிய இந்த நான்கு வருடத்தில், தீவின் சுங்கை பினாங் மீன் துறையில் இப்படி எத்தனையோ குரல்களைக் கேட்டாகிவிட்டது. அவள் மண்டியிட்டுக் கூண்டின் கதவைத் தூக்கினாள்.

உள்ளே இருந்தது ஒரு செம்பழுப்புக் கடுவன். ஆறு கிலோ. அவசரமே இல்லாமல் வெளியே வந்து, முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, ஈரப் பலகைகளில் பாதம் பதித்து நேராக அந்தக் குரலுக்குரியவனிடம் போய் அவன் ரப்பர் பூட்ஸில் கன்னத்தைத் தேய்த்தது.

அப்புறம்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வெயிலையும் கடலையும் பார்த்துப் பார்த்தே இடுங்கிப்போன கண்கள்... மழை இப்போதுதான் விட்டிருந்தது, இமையில் இன்னும் இரண்டு துளி மிச்சம். கோபமாகத்தான் பார்த்தான். ஆனால் அந்தக் கோபத்தின் ஓரத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு ஒளிந்திருப்பதுபோல அவளுக்குப் பட்டது. பட்டதும் எரிச்சலாக வந்தது.

அவன் பூனையைத் தூக்கினான். இடது காதைப் பார்த்தான். நுனி இல்லை, கத்திரித்ததுபோல நேராக முடிந்திருந்தது. பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தான்.

"டத்தோவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டீங்களா?"

"டத்தோவா?"

"அவன் பேரு. நடக்கறதப் பார்த்தீங்கல்ல, அரண்மனையில பட்டம் வாங்கின ஆளு மாதிரி. ரெண்டு நாளாக் காணோம்னு தீவையே சுத்தி வந்தேன். நீங்க என்னடான்னா காதையும் வெட்டி, மத்ததையும் வெட்டி..."

"கழுத்துப் பட்டை இல்ல, மணி இல்ல. துறையில திரிஞ்சுது, பிடிச்சேன். காது நுனி அடையாளம், மறுபடியும் யாரும் பிடிச்சு அறுத்துடக் கூடாதுன்னு. மயக்கத்துலதான் பண்ணினது, வலிக்காது. ரத்தம் சோதிச்சு ஊசியும் போட்டிருக்கு. நீங்க நன்றி சொல்லணும்."

"நன்றியா? நீங்க மன்னிப்புக் கேக்கணும்."

"பூனைகிட்ட வேணும்னா கேக்கறேன்" என்று அவள் குனிந்து டத்தோவின் தாடையைச் சொறிந்தாள். "சாரி டத்தோ." கூண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னால் கணவாய்ப் படகிலிருந்து யாரோ வெடித்துச் சிரித்தார்கள். "இக்மால் அண்ணே, உங்களுக்கு சாரி ஒண்ணும் இல்லையாம்."

இக்மாலா பேரு... நமக்கென்ன வந்தது, என்று சொல்லிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

பூனை வீடு என்பது நெத்திலி காயவைத்த ஒரு பழைய கொட்டகை. இப்போது அங்கே நெத்திலி இல்லை, நாற்பத்து மூன்று பூனைகள் இருந்தன. ஒற்றைக்கண், மூன்றுகால், அட்டைப்பெட்டியில் வாசலில் விட்டுப்போன குட்டிகள், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் கண்ணீரோடு ஒப்படைத்தவை. சாப்பாட்டுக் கடைகளில் வைத்த உண்டியல்களும், காலையில் நாசி லெமாக் சோறு விற்றுவிட்டு வந்து தரை கழுவும் செனா அக்காவும்தான் அந்த வீட்டின் பலம். துறையில் மீனவர்கள் ஒதுக்கிப்போடும் பொடிமீனும்.

அந்தப் பொடிமீன் அடுத்த வாரமே நின்றது.

"அந்த ஆளு வேலைதான்" என்றாள் வர்தினா.

"போய்க் கேளேன்."

"நானா? அவர்கிட்டயா? அரிசியில கோழி ஈரல் கலந்து போட்டாப் போச்சு."

செனா அக்கா அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "மீனப் பத்திப் பேசினா உனக்கு எதுக்குடி காதெல்லாம் செவக்குது?"

ஐந்து வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மெலூர் சுருண்டு விழுந்தாள். மெலூர் வெள்ளைப் பூனை, கண் திறந்து சில நாளே ஆன நான்கு குட்டிகளுக்குத் தாய். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. மூக்கில் ரத்தம் கசிந்தது. யாரோ எலிக்கு வைத்த மருந்து. அதைத் தின்ற எலியை இவள் தின்றிருக்கிறாள்.

அக்கரையில் லூமுட்டிலிருந்து கால்நடை டாக்டர் யோ போனில் படபடவென்று சொன்னார். "மாத்து மருந்து இருக்கு, ஆனா அது வேலை செய்யற வரைக்கும் தாங்கணுமே. ரத்தம் ஏத்தணும். மெலூருக்கு 'ஏ' வகை. அதே வகையில நல்ல கனமான ஆம்பளப் பூனை, நோய் இல்லாதது, அமைதியானது... இருக்கா?"

அவள் வீட்டில் பாதிப் பூனைகளுக்குச் சளி. மீதிப் பாதி எலும்பும் தோலும்.

"உன் கையாலயே ஒண்ணு கொண்டு வந்தியேம்மா, அஞ்சு வாரம் முன்னாடி. ஆறு கிலோ. சோதனைச் சீட்டு என் முன்னாலதான் இருக்கு. 'ஏ' தான்."

வர்தினா கண்களை மூடிக்கொண்டாள். யா அல்லாஹ்... உலகத்தில் வேறு பூனையே இல்லையா?

மெலூரைத் துண்டில் சுற்றி மடியில் கிடத்தி, ஸ்கூட்டரில் துறைக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இக்மால் படகில் வலை தைத்துக்கொண்டிருந்தான். தொப்பலாக நின்ற அவளைப் பார்த்து எழுந்தான்.

அவள் வழி நெடுக நினைத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "உங்க டத்தோவோட ரத்தம் வேணும்" என்றாள். "இல்லன்னா இது செத்துடும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. எதையும் குத்திக்காட்டவில்லை. துண்டை லேசாக விலக்கி மெலூரைப் பார்த்தான்.

"படகுத்துறைக்குப் போய் ஃபெரி பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிடும். ஏறுங்க, டத்தோ உள்ளதான் தூங்கறான். ஜமில், கயித்த அவுத்து விடு."

நீரிணை முழுக்க மழை. அக்கரை தெரியவில்லை. அவன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, தன் மழைக்கோட்டை ஒரு கையால் கழற்றி அவள் மடிமேல் போட்டான்... மெலூருக்காக. அவளுக்காகவும் என்று நினைத்துக்கொள்ள அவள் தனக்கு அனுமதி தரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "பூனைகளுக்கு மீன் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே துறையில சொன்னீங்க?"

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு அந்த ஒளிந்திருந்த சிரிப்பு வெளியே வந்தே விட்டது. "நான் குவாலா குராவிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. நான் சொன்னா என் பூனையே கேக்காது, துறை கேக்குமா? ஒரு மாசமா வலையில ஒண்ணும் விழலங்க. நாங்களே முட்டைதான் பொரிச்சுத் தின்றோம்."

படகில் அவனுக்கு உதவியாக இருந்த ஜமில் பின்னாலிருந்து, "தினமும் முட்டை" என்றான் சோகமாக.

வர்தினாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் டத்தோ லேசான மயக்கத்தில், கழுத்து மழிக்கப்பட்டு, பிரமுகர்களுக்கே உரிய பொறுமையோடு படுத்துக் கிடந்தது. ரத்தம் சிறுகச் சிறுக ஏறியது. மூன்று மணி நேரம் அவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்கு இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?" என்று அவன் கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அவளும் நிஜத்தைச் சொன்னாள். ஈப்போவில் வேலை. நிச்சயம் ஆகியிருந்தது. தெருவில் எடுத்த மூன்று பூனைகள் அறையில் இருந்தன. நானா, அதுங்களா என்று நிச்சயித்தவர் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். "நான் விளையாட்டில்லாம பதில் சொல்லிட்டேன். மோதிரத்தத் திருப்பிக் குடுத்துட்டுத் தீவுக்கு வந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் யோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஈறுல செவப்பு ஏறுது. பொழச்சுக்குவா."

வர்தினா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கையை எடுத்தபோது இக்மால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா குவாலா குராவுல இருக்காங்க" என்றான் தட்டுத் தடுமாறி. "உங்க வீட்டுல வந்து பேசச் சொல்லட்டுமா?"

சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தாள்... ஆனால் பழைய பயம் முந்திக்கொண்டது.

"ரத்தம் குடுத்ததுக்குக் கூலியா?"

சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. "இல்லங்க" என்றான் மெதுவாக. "அப்படி நெனச்சுக் கேக்கல." எழுந்து டத்தோவைப் பார்க்க உள்ளே போய்விட்டான்.

தீவுக்குத் திரும்பும்வரை அவன் மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

ஒன்பது நாள். மெலூர் வீடு திரும்பினாள். புட்டிப்பால் குடித்துப் பழகிய குட்டிகள் தாயைக் கண்டதும் அவள் வயிற்றில் முட்டி மோதின. கடலில் கணவாய் மீன் திரும்பி வந்தது, துறையிலிருந்து பொடிமீன் கூடை கூடையாக வந்தது. கொண்டுவந்ததெல்லாம் ஜமில். இக்மால் வரவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் லங்காவி பக்கம் போறோம்கா" என்று கூடையை இறக்கினான் ஜமில். "திரும்ப ஒரு மாசம் ஆகும்."

அவன் போனதும் செனா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நாப்பத்து மூணு பூனைக்கு வாயத் தெறந்து மருந்து குடுக்கற. நீ மட்டும் உன் வாயத் தெறக்க மாட்டேங்கற. போடி."

வர்தினா போனாள்.

துறையில் ஓதத் தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. இக்மால் கடைசிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை நின்றது.

"டத்தோவை வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போகணும்" என்றாள் மூச்சு வாங்க. "கழுத்துத் தையல் பிரிக்கறதுக்கு."

"சரி" என்றான். "விட்டுட்டுப் போறேன். பார்த்துக்குங்க."

அவ்வளவுதானா... அவள் திரும்பினாள். நாலு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பவும் வந்தாள்.

"தையல் ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்."

"தெரியும். முடிதானே மழிச்சாங்க."

"அப்புறம் எதுக்குச் சரின்னீங்க?"

"நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதும்னுதான்." மழை மறுபடி பொடிப்பொடியாகத் தூற ஆரம்பித்தது.

அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். முதல் தடவையாகச் சண்டை இல்லாமல் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பயத்துல சொன்னேன். இந்த ஒன்பது நாளும் படகுச் சத்தம் கேட்டப்பல்லாம் வாசலுக்கு வந்தேன். பிடிச்சிருக்கு உங்கள. ரொம்ப. உங்கம்மாவ வரச் சொல்லுங்க... பூனைமுடி ஒட்டாத நாற்காலி ஒண்ணுகூட இல்லன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க."

இக்மால் கயிற்றைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எனக்கு அன்னிக்கு மழையில நீங்க துண்டோட நின்னீங்களே..." என்றான். "அந்த நிமிஷத்துல இருந்து, வர்தினா, வேற யாரும் கண்ணுக்குத் தெரியல."

"அண்ணே" என்று கத்தினான் ஜமில். "தண்ணி வடியுது. இன்னும் அஞ்சு நிமிஷம் போனா சேத்துல மாட்டிக்குவோம்."

இக்மாலுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் பலகைமேல் ஏறி வந்து, மழையில் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். அதற்குமேல் நெருங்கத் தெரியாமல், விலகவும் தெரியாமல், இருவரும் சிரித்தார்கள்.

படகு அன்றைக்குக் கிளம்பவில்லை.